களத்தில் ஒரு சக்கர வழி

1. கழற்றிய செருப்பு

மலைக்கு வேலைக்கு வந்த முதல் நாளே என் செருப்பைக் கழற்ற வைத்தார்கள். வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் சூபர்வைசராக இருந்தே தலை நரைத்தவன் நான். வீட்டில் பேச ஆளில்லாமல் போன பிறகு, ஜவ்வாது மலையில் சாமை அரிசி யூனிட்டுக்கு சூபர்வைசர் வேண்டும் என்றார்கள். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

கேட்டைத் தாண்டினால் சிமெண்ட் களம், களத்தைத் தாண்டினால் ஷெட். வேறு வழி கிடையாது. தானியம் காயும் களத்தில் செருப்பு படக் கூடாது. குழாயில் காலைக் கழுவிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

"ஷூ கம்பெனிக்காரரா பாய்? உங்க பருப்பு இங்க வேகாதுங்க" என்றாள் குப்பம்மா. ஷெட்டே சிரித்தது. அரிசி புடைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, அப்படித்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பெண்கள் ஷெட்டில் வட்டமாக உட்காருவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் கேட் பக்கத்து ஆபீஸ் ரூமில் தனியாகச் சாப்பிடுவேன். என் ஜோக்குகளுக்கு அங்கே டேபிள் ஃபேன் மட்டும் தலையாட்டும். அதுவும் இடமும் வலமுமாக.

2. வந்தா பாத்துக்கலாம்

எங்கள் அரிசியை வாங்கும் பட்டணத்துக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. மாற்றுத்திறனாளிகள் வேலை செய்ய வசதியான இடமாக யூனிட் இருக்க வேண்டும். ராம்ப் வேண்டும், கைப்பிடி வைத்த கழிப்பறை வேண்டும், சம வாய்ப்புக் கொள்கையை எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும்.

செங்கத்திலிருந்து வந்த முதலாளி தலையைச் சொறிந்தார். "இந்த மலையில சக்கர நாற்காலியில யாரு பாய் வேலைக்கு வரப் போறாங்க? வந்தா பாத்துக்கலாம்."

"வழி இல்லன்னா எப்படிங்க வருவாங்க மொதலாளி? அதான் ஆளு வர்றதுக்கு முன்னாடியே செய்யச் சொல்றாங்க."

கட்டினோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று அளந்து, களத்தில் ஏற ஒரு ராம்ப், ஷெட்டுக்குள் போக ஒரு ராம்ப், கேட் ஓரத்துப் பழைய ஸ்டோருக்கு ஒரு ராம்ப். சிமெண்ட் காய்ந்த கொஞ்ச நாளில் பக்கத்து ஊர் மல்லிகா பில்லிங் வேலைக்கு வந்தாள், சக்கர நாற்காலியில். ஷெட்டில் பெண்களுக்கு நடுவே கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தோம். அவள் வந்த பிறகு ஷெட்டில் சிரிப்புச் சத்தம் கூடியது. ஆபீஸ் ரூம் வரை கேட்கும்.

நாங்கள் கட்டியது மழைக் காலத்தில். அப்போது களம் காலி.

3. கோழி

அறுவடை தொடங்கிச் சாமை வந்தது. களம் முழுக்கப் பரப்பினார்கள். மல்லிகா ராம்ப்பில் ஏறி வந்தாள். களத்தின் விளிம்பில் குப்பம்மா கையை நீட்டி மறித்தாள்.

"இரும்மா. இந்தச் சக்கரம் ரோட்ல, சாணியில எல்லாம் உருண்டு வருது. தானியத்து மேல எப்படி ஏத்தறது?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. களத்தை அவள் சாமி அறை மாதிரி பார்ப்பவள். மல்லிகாவும் எதிர்த்துப் பேசவில்லை. முதலாளி போனிலேயே தீர்ப்புச் சொன்னார்: "ஸ்டோர்ல உக்காரச் சொல்லுங்க. அங்கயும் ராம்ப் இருக்குதே, ரூல்படி கரெக்ட்தானே?"

ரூல்படி கரெக்ட்தான். ஸ்டோரில் விளக்கு இருந்தது, மேசை இருந்தது, மனுஷர் இல்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தனியாக டிபன் பாக்ஸைத் திறப்பது தெரியும். அவள் ஜன்னலிலிருந்து நான் தெரிவேன். அந்த வேடிக்கையை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி சாப்பிட்டோம்.

அறுவடை முடிவதற்குள் ஒரு மாலை சொன்னாள்: "பாய், நாளைலேருந்து நான் வர்லங்க."

"ஏம்மா, வேலை கஷ்டமா?"

"வேலை நல்லாத்தான் இருக்குது. பேச ஆளில்ல. வூட்லயாவது கோழிங்க இருக்குது."

என் ரூமில் கோழிகூடக் கிடையாது.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாம்மா" என்று கேட்டேன்.

4. சோல் பிரிவின் தீர்ப்பு

மறுநாள் காலை பெண்கள் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது குப்பம்மாவிடம் போய் நின்றேன். மல்லிகா கேட் அருகே இருந்தாள்.

"குப்பம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒரே படிப்பு செருப்பு. அதுல ஒண்ணு சொல்லட்டுமா?"

"இன்னா பாய், காலங்காத்தால?"

"கழட்ட முடிஞ்சா அது செருப்பு. கழட்ட முடியலன்னா அது காலு. அந்தப் பொண்ணால நாற்காலியைக் கழட்டி வெளிய வுட்டுட்டு வர முடியுமா?"

குப்பம்மா நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"காலுன்னா கழுவணும் இல்ல?" என்றாள். "இங்க வாம்மா மல்லிகா."

ஈரத்துணி போட்டு இரண்டு சக்கரத்தையும் அவளே துடைத்தாள். "சும்மா இரு அக்கா, ஷூ பாலிஷ் போடற மாதிரி தேய்க்கிறியே" என்று மல்லிகா கூச்சத்தில் நெளிந்தாள். பிறகு குப்பம்மா தள்ளுபலகையை எடுத்துச் சாமையை இரண்டு பக்கமும் ஒதுக்கி, ராம்ப்பிலிருந்து ராம்ப் வரை ஒரு வழி இழுத்தாள். நாற்காலி அகலத்துக்கு மேல் ஒரு சாண் கூடவே விட்டாள்.

"காயப்போடற எடம் வீணா போவுதே பாய்" என்று முதலாளி போனில் முனகினார். "வழிங்க அது, ராம்ப் மாதிரி" என்றேன். அன்றைக்கு மதியம் மல்லிகா ஷெட்டில் சாப்பிட்டாள். எதிர் ஜன்னல் காலியானது. சந்தோஷம்தான். மறுபடி டேபிள் ஃபேனைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

5. இந்த அறுவடை

மல்லிகா செங்கத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள். இந்த அறுவடையின் முதல் நாள், சாமையைப் பரப்பிய கையோடு குப்பம்மா அதே வழியை இழுத்தாள்.

"மல்லிகாதான் இல்லியே, யாருக்கு இது?" என்றேன்.

"யாருன்னு தெரிஞ்சப்புறம் போட்டா, அவங்க கேட்லயே நிப்பாங்க பாய்."

சூபர்வைசர் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: ராம்ப்பை அளக்கும்போது, அது முடிகிற இடத்தில் மனுஷர் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இதுவரை யாரும் வரவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஷெட்டைப் பூட்டச் சாவியோடு அந்த வழியில் போகிறவன் நான் ஒருவன்தான், காலைக் கழுவிக்கொண்டு.