ஓப்பலின் சாவிக்கொத்து

புதிதாக வந்த சாவிக்கு ஓப்பல் டின்ஸ்லி நெயில் பாலிஷ் பூசுகிறார். இன்றைக்கு ஊதா நிறம். வாயால் ஊதி உலர்த்தி, மேலே இன்னொரு முறை பூசி, இடுப்பு வளையத்தில் கோத்துவிட்டு எழுந்திருக்கிறார். எழுந்ததும் கொத்து முழுக்கக் குலுங்குகிறது. தேவாலய வாசலில் வெள்ளிக்கிழமை பொரித்த மீன் சாப்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமலேயே அவருக்கு வழிவிடுகிறார்கள்.

பருத்த உடம்பு, வீங்கிய கணுக்கால், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் மன்றாடுகிறார். ஓப்பல் தலையாட்டிக்கொண்டே அடுத்த மீன்துண்டை எடுக்கிறார். அரை ஆயுள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஹாலோவே தெருவில் இன்று தாடி வைத்திருக்கும் ஆண்களில் பாதிப்பேர் அவர் வண்டியில் மூக்கொழுக ஏறியவர்கள். யார் எந்த சீட்டு, யாருக்கு வாந்தி வரும் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. தேவைப்படும்போது உரக்கச் சொல்லவும் செய்வார்.

ஓய்வுபெற்ற பிறகு போலீஸ் நிலையத்தில் ஒரு வேலை கிடைத்தது. துப்பாக்கிக் குற்றங்களைக் குறைக்க மாநில அரசு போலீசுக்குத் தரும் மானியத்தில் பெரும்பகுதி ரோந்துக்கும் கேமராவுக்கும் போய்விடும். அடியில் மிஞ்சுவதில்தான் ஓப்பலின் சம்பளமும், பெட்டி பெட்டியாக மஞ்சள் கம்பிப் பூட்டுகளும். கம்பியைத் துப்பாக்கிக்குள் நுழைத்துப் பூட்டை அழுத்தினால் போதும், தோட்டா போட முடியாது. யார் வேண்டுமானாலும் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பெயர் கேட்க மாட்டார். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்றும் கேட்க மாட்டார். "கேட்டேன்னா அடுத்தவன் கை நீட்ட மாட்டான்" என்பார்.

பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒரு குளிர்காலத்தில் ஒருவர் இரண்டையும் கொண்டுவந்து ஓப்பலின் கையில் திணித்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும் மிஸ் ஓப்பல். நான் என்னையே நம்பல" என்று சொல்லிவிட்டுப் போனார். விஷயம் பரவியது. பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு நிறம் பூசுவதோடு சரி, ஓப்பல் எதையும் எழுதி வைப்பதில்லை. சாவியைத் திரும்பக் கேட்டால் இல்லை என்று சொன்னதும் இல்லை. "தேடித் தரேன், உக்காரு கண்ணு" என்பார். தேடும் வேகம் ஆளைப் பொறுத்தது.

இந்த ஜூன் மாதம் மாநிலத் தலைநகர் ஆல்பனியிலிருந்து ஷூல்ட்ஸ் என்ற அதிகாரி வந்தார். மானியத்தை அடுத்த ஆண்டும் தருவதா, பூட்டுப் பகுதியை வெட்டிவிடுவதா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வெட்டினால் ஓப்பலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போலீஸ் கேப்டன் நோவாக் டையை இறுக்கிக்கொண்டு அவரைத் தன் காரில் ஹாலோவே தெருவழியே அழைத்து வந்தார். அங்கேதான் வந்தது வினை.

தெருவெங்கும் மஞ்சள் கம்பி. சைக்கிளில் மஞ்சள் கம்பி, குப்பைத்தொட்டியில் மஞ்சள் கம்பி, இறைச்சி சுடும் அடுப்பை வாசல் கிராதியோடு சேர்த்துக் கட்டிய மஞ்சள் கம்பி. ஒரு வீட்டில் நாய்க்கூண்டின் கதவுக்கும் அதுவே. கேப்டன் வண்டியை வேகமாக ஓட்டிப் பார்த்தார். வேகத்தடைகள் விடவில்லை.

தேவாலய வாசலில் இறங்கியதும் ஷூல்ட்ஸ் நேரே கேட்டார். "அம்மா, அரசாங்கப் பணத்துல அடுப்பைப் பூட்டி வச்சிருக்காங்களே?"

ஓப்பலின் முகம் சிவந்தது. "பார்த்தேங்க. திட்டியும் பார்த்துட்டேன். நல்ல பூட்டு, சும்மா கிடைக்குது. என்ன செய்யறது?"

"துப்பாக்கியில எத்தனை பூட்டு இருக்கு?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு நான் எப்படி எழுதறது?"

கேப்டன் தன் ஷூவைப் பார்த்தார். ஓப்பல் ஒரு தட்டில் மீனும் மக்ரோனி சாலடும் வைத்து அதிகாரியிடம் நீட்டினார்.

அப்போதுதான் லாமார் வந்தான். ஆறடிக்கு மேல் உயரம், நெற்றி நரம்பு புடைத்து நின்றது, உதடு உலர்ந்திருந்தது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் விழவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"என் சாவியக் குடுங்க மிஸ் ஓப்பல்."

"குடுக்கறேன் கண்ணு. என்ன ஆச்சு?"

"கர்ட்டிஸ் என் வண்டிக் கண்ணாடிய உடைச்சிட்டு, நான் இல்லன்னு சாதிக்கறான். எல்லார் முன்னாடியும் சிரிக்கறான். சாவியக் குடுங்க."

மீன் பொரிப்பவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். கேப்டனின் கை இடுப்புக்குப் போனது. ஓப்பல் அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கை பேன்ட் பைக்குள் ஒளிந்துகொண்டது.

"என்ன கலரு உன்னுது?"

"பச்சை."

"பாசிப் பச்சையா, மினுமினுப்புப் பச்சையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பச்சை!"

"பச்சையே ஏகப்பட்டது இருக்கு. உக்காரு, தேடறேன்." மடியில் கொத்தைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சாவியாகக் கண்ணருகே கொண்டுபோனார். இன்னொரு கையால் ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளினார். "பஸ்லயும் இதே கதைதான்டா. சாப்பிடாம ஏறுவ, மூணாவது ஸ்டாப்புல எவன் மூக்கையாவது ஒடைப்ப. முதல் சீட்டுல உன்னை ஏன் உக்கார வச்சேன்? என் கைக்கு எட்டும்னுதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லாமார் முறைத்தான். முறைத்துக்கொண்டே ஒரு துண்டு மீனைப் பிய்த்து வாயில் போட்டான். பிறகு இன்னொன்று. காரச் சட்னி புட்டிக்குக் கை நீட்டினான். நெற்றி நரம்பு மெல்ல அடங்கியது.

"இந்த மக்ரோனி யாரு செஞ்சது?"

"ஏன்?"

"உப்பே இல்ல."

"என் டாக்டர் சந்தோஷப்படுவாரு." ஓப்பல் ஒரு சாவியை உயர்த்திக் காட்டினார். "இந்தா, கிடைச்சிருச்சு. மினுமினுப்பு."

லாமார் அதைப் பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். "வச்சுக்கங்க. கர்ட்டிசுக்குக் கண்ணாடி பில்ல அனுப்பறேன். கட்டலன்னா அவங்கம்மாகிட்ட போறேன்."

"ஐயோ, அது துப்பாக்கிய விட மோசம்டா!" என்றார் மீன் பொரிப்பவர். வாசல் முழுவதும் சிரித்தது. கேப்டன் விட்ட மூச்சு மேசைத்துணியை அசைத்தது.

ஷூல்ட்ஸ் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். "அதைக் கொஞ்சம் குடுங்கம்மா" என்று சாவிக்கொத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். கை தாழ்ந்தது. "சைக்கிளைப் பூட்டினவன் சாவிய உங்ககிட்ட குடுப்பானா?"

"எதுக்குக் குடுப்பான்? காலைல வேலைக்குப் போகணுமே."

"அப்போ இத்தனையும்..."

"நான் கேக்கறதில்லைங்க."

அவர் கேப்டன் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷத்துக்கு இன்னும் கூடுதலாப் பூட்டு கேட்டு எழுதுங்க. அடுப்புக்கும் சேர்த்தே எழுதுங்க, அதுக்கும் கொஞ்சம் எப்படியும் போகும்." கேப்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் மக்ரோனி தரையில் கொட்டியது. லாமார் இரண்டாவது தட்டுக்கு வரிசையில் நின்றான்.

புறப்படும் நேரத்தில் ஷூல்ட்ஸ் மட்டும் பெட்டியருகே திரும்பி வந்தார். ஒரு பூட்டை எடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பக்கம் மான் வேட்டைக்காரங்க அதிகம். வீட்ல நாலு துப்பாக்கி இருக்கு. ஒண்ணு மட்டும் இரும்புப் பெட்டிக்கு வெளிய. என் பையனுக்குப் பதினாறு வயசு. கொஞ்ச நாளா யார்கூடயும் பேசறதில்ல."

ஓப்பல் கையை நீட்டினார்.

அவர் பூட்டைத் திறந்தபடியே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு சாவிகளையும் கழற்றி ஓப்பலின் உள்ளங்கையில் வைத்தார். "சாவி வேணும்னா நான் மூணு மணி நேரம் வண்டி ஓட்டி வரணும்."

"வாங்க. மீன் இருக்கும்."

ஓப்பல் நெயில் பாலிஷ் புட்டிகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்து ஆரஞ்சைத் தொட்டார். ஓப்பல் அந்தப் புட்டியை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார்.