கொடியில் வெளுத்த சாயம்

குத்தாலம் பக்கம் கூலிப் போராட்டம் நடந்த அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. கவிழ்த்த கூடைமேல் விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டியும் குழந்தைக்குக் கட்டும் துணி ஒன்றுகூடக் காயவில்லை. அரைத்தூக்கத்தில், பெட்டியில் இருந்த சங்கத்துச் செங்கொடியை மகளின் இடுப்பில் சுற்றித் தூளியில் போட்டேன். புகையும் மழைச் சத்தமுமாக நானும் கண்ணயர்ந்தேன்.

ஊர்வலத்துக்குக் கொடி எடுக்க வந்த என் கணவர் மகளைத் தூக்கினார். கையெல்லாம் சிவப்பு. பண்ணையாரின் அடியாட்களுக்கு அஞ்சாத மனிதர், "ஐயோ, புள்ளைய வெட்டிட்டானுங்களே!" என்று அலறினார்.

"ரத்தம் இல்லீங்க, கொடிச் சாயம்!" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ உட்கார்ந்து அழுதார். தன் நல்ல வேட்டியைக் கிழித்து மகளுக்குக் கட்டிவிட்டார். கொடியை வாய்க்காலில் அலசி எடுத்துக்கொண்டு போனார்.

கொடி ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் "மழைங்க" என்றாராம். இத்தனை வருடமாக நானும் மழை என்றே சொல்லிவந்தேன்.