விபூதிக் கோட்டில் வைத்த டைமிங்

போலாரத்தில் குடியிருக்கும் தண்டபாணிக்கு இரண்டு சம்சாரம் என்று ராஜம் சொல்வாள். மூத்தவள் அவள். இளையவள், கொட்டகையில் நிற்கிற எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஒரு பழைய பங்களாவில் கோழி அடைந்துகொண்டிருந்த அதை வாங்கி வந்து உயிர் கொடுத்தவர் அவர். "மஸில் கார்" என்று சாப்ட்வேர் பிள்ளைகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ராஜத்தின் தங்கை லலிதா. அரக்கோணத்து அத்தை வீட்டில் வளர்ந்தவள், அந்த அத்தையின் வாய் அப்படியே இவளுக்கு. இவள் புருஷன் சீதாராமன், நாச்சாரத்தில் மருந்துக் கம்பெனி மேனேஜர். அவருக்குச் சகலையின் கார் என்றால் இளக்காரம். மகள் ஹம்ஸினியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசப் போனவரைத் தண்டபாணி மறித்தார்.

"என் கார் இருக்கும்போது வாடகைக் காரா?"

"நடுவழியில நின்னுட்டா?"

"நின்னா இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

ராஜம் தலையில் கை வைத்துக்கொண்டாள். வாசப்படி என்றால் அவளுக்கும் சேர்த்துத்தானே.

ஆயுத பூஜை கழிந்ததும் டைமிங் வைக்க உட்கார்ந்தார். சிலிண்டருக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதுதான் டைமிங். முந்தினால் என்ஜின் உதைக்கும், பிந்தினால் வெடிக்கும். என்ஜினுக்கு முன்னால் சுற்றுகிற சக்கரத்தில் ஒரு வெட்டுக்கோடு உண்டு, அதில் சாக்பீஸ் தேய்த்து வைத்திருப்பார். விட்டுவிட்டு மின்னுகிற டைமிங் லைட்டை அடித்தால் ஓடுகிற சக்கரம் நின்றதுபோலத் தெரியும். தீப்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி, பக்கத்தில் அசையாமல் நிற்கிற முள்ளுக்கு நேரே கோட்டைக் கொண்டுவர வேண்டும். அன்றைக்குக் கோடு பளிச்சென்று வந்து நின்றது. கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். என்ஜின் கொஞ்சம் முனகியது. மழை ஈரம் என்று விட்டுவிட்டார். ஓட்டிப் பார்க்கவும் மழை விடவில்லை.

அழைப்பன்று பக்கத்துத் தெருக் கோயில் வரை காரை மெல்ல ஊர்ந்தே கொண்டுவந்துவிட்டார். வாசலில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை சுனில் ஏறி உட்கார்ந்தான். நாதஸ்வரம் எடுத்தார்கள். தண்டபாணி ஆக்சிலேட்டரை மிதித்தார்.

டமால்.

தவில்காரர் தாளத்தை விட்டார். எதிரே ராணுவக் குடியிருப்பு கேட்டில் இருந்த ஜவான் துப்பாக்கியோடு ஓடி வந்தார். இன்னொரு டமாலில் கார் நின்றே போனது. சீதாராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் தண்டபாணிக்குப் பொறுக்கவில்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். கோட்டைத் தொட்டார். விரலில் மாவாக ஒட்டியது. மோந்து பார்த்தார்.

"ராஜம், இங்க வா. இது என்னது?"

"விபூதி. ஆயுத பூஜைக்கு வச்சேன். மிக்சிக்கு வச்சுட்டு உங்க இளையவள விட்டா ஓரவஞ்சனைம்பீங்க."

"இங்க சாக்பீஸ் கோடு இருந்துச்சே?"

"அழுக்கா இருந்துச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுட்டுத்தான் வச்சேன். குங்குமமும் வச்சேன், பறந்துடுச்சுபோல."

ஜவானுக்குத் தமிழ் தெரியாது. விபூதியைப் பார்த்ததும் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு போய்விட்டார்.

துடைத்தால் கிரீசுக்குள் இரண்டு மூன்று கீறல்கள். எது நிஜக் கோடு என்று தெரியவில்லை. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார்.

"இந்த ஓட்டைல யாராவது கட்டைவிரல வைங்க. காத்து தள்ளினா சொல்லணும்."

சம்பந்தி வீட்டார் ஆளுக்கு ஓர் அடி பின்னே போனார்கள். பெண்ணைப் பெற்றவர் எங்கே போவார்? சீதாராமன் வைத்தார். சக்கரத்தைத் திருப்ப சுனிலே ஸ்பானரை வாங்கிக்கொண்டான்.

"மாப்ள, மாலை சிக்கிடும்," என்றார் தண்டபாணி.

"நக்கோ அங்கிள், பயம் வேணாம், நான் பாத்துக்குறேன்."

திருப்பினான்.

"ஒண்ணும் வரல," என்றார் சீதாராமன். "இன்னும் வரல. வரும்ங்கறதுக்கு என்ன நிச்சயம்..." புஸ்ஸென்று காற்று விரலைத் தள்ளியது. "வருது. சகலை, வருது."

பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்போல அவருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

பிஸ்டன் மேலே ஏறிக் காற்றைத் தள்ளும்போது முள்ளை நெருங்கிய கீறல்தான் நிஜக் கோடு. தாம்பூலத் தட்டிலிருந்த சுண்ணாம்பை அதில் தேய்த்தார் தண்டபாணி. பிளக்கை மாட்டி, லைட்டை அடித்து, டைமிங்கைப் புதிதாக வைத்தார். கார் உறுமியது. தவில்காரர் தைரியமாகக் கோலை எடுத்தார்.

மண்டபத்து வாசலில் ஆரத்தியோடு நின்ற லலிதா, "இங்க வரைக்கும் வெடிச்சத்தம் கேட்டுச்சே, என்னாச்சு?" என்றாள்.

தண்டபாணி வாயைத் திறப்பதற்குள் சீதாராமன் கரி படிந்த கட்டைவிரலை உயர்த்தினார்.

"டைமிங் தள்ளியிருந்துச்சு. நானும் சகலையுமா சேர்ந்து வச்சோம். நான் விரல் வைக்கலேன்னா இன்னும் கோயில் வாசல்லதான் நின்னிருப்போம்."

விபூதிக் கதையைச் சொல்ல ராஜம் வாயெடுத்தாள். தண்டபாணி அவள் காலை மெல்ல மிதித்தார்.

"ஆமா லலிதா," என்றார். "அவர் இல்லேன்னா நடந்திருக்காது."