கப்பலேறாத முதல் பயணிகள்

அந்தமான் பாம்பூஃப்ளாட்டைச் சேர்ந்த ஐயாவு இருபத்திரண்டு வருடம் சொகுசுக் கப்பல்களில் சாப்பாடு பரிமாறியவர். வேலைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் சர்க்கார் கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து சென்னைக்குப் போய், அங்கிருந்துதான் சொகுசுக் கப்பலில் ஏறவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஆசை, மனைவி ராணியை அப்படியொரு சொகுசுக் கப்பலில் கூட்டிப்போவது. ராணிக்குக் காதில் ஆபரேஷன் நடந்திருந்தது. விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னை வரை சர்க்கார் கப்பலில் மூன்று நாள் நெரிசலையும் அவரால் தாங்க முடியாது.

அந்த நேரத்தில்தான் சிவஞானம் வந்தார். கப்பலில் ஐயாவுவோடு பதினோரு வருடம் ஒரே அறையில் இருந்தவர். அவர் டைபாய்டில் கிடந்தபோது அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் ஐயாவு. இப்போது சிவஞானம் ஒரு சொகுசுக் கப்பல் கம்பெனிக்கு உள்ளூர் ஏஜெண்ட்.

"அண்ணே, இனி போர்ட் பிளேர்லேருந்தே கப்பல் கிளம்பப் போகுது. நம்ம ஆளுங்க மெயின்லேண்ட் போய் ஏற வேண்டியதில்ல. ஆனா இங்க ஜனங்க கேக்குறாங்கன்னு கம்பெனிக்குக் காட்டணும். முதல் கப்பல்ல முதல் ரூம் உங்களுக்கும் மதினிக்கும்தான். பக்கா!"

ஐயாவு ஒரு வருடம் அலைந்தார். பாம்பூஃப்ளாட், புரோத்ராபூர், ஷாதிபூர் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். இங்கிருந்தே கப்பல் வேண்டும் என்ற மனுவில் அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன.

கப்பல் வந்த காலையில் ராணி மாம்பழ நிறப் பட்டு கட்டியிருந்தார். பெட்டியோடு ஃபெர்ரிப் படகில் சாத்தம் தீவுக்குக் கடந்து, ஆட்டோ பிடித்து போர்ட் பிளேர் கப்பல்துறை வாசலுக்கு வந்தார்கள். அங்கே பயணிகள் பட்டியலோடு நின்ற கார்த்திகா என்ற பெண் இரண்டு முறை தேடினாள்.

"சார், உங்க பேர் இல்ல. இதுல எல்லாருமே காலை ஃப்ளைட்ல வந்தவங்க. டிக்கெட்டே ஃப்ளைட்டோட சேர்த்துத்தான் வித்தாங்க. இங்க உள்ளவங்களுக்குத் தனியா கிடையாது."

"கெடையாதா? எப்பவுமா?"

"எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க சார்."

அதற்குள் சிவஞானம் வேகமாக வந்து ஐயாவுவின் தோளில் கை போட்டார். "அரே அண்ணே, வாங்க வாங்க. டி.வி.காரங்க ரெடியா இருக்காங்க. பெட்டியோட ரெண்டு பேரும் படியில ஏறுங்க, மேல நின்னு கைய ஆட்டுங்க. பத்து நிமிஷந்தான், அப்புறம் இறங்கிடலாம்."

ஐயாவுவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தோளிலிருந்த கையை விலக்கினார்.

"இங்க உள்ளவங்களுக்கு இடமில்லன்னு உனக்கு எப்பத் தெரியும் சிவம்?"

சிவஞானம் கடலைப் பார்த்தார். "மூணு மாசமா."

"போன வாரம் என் வீட்ல சோறு தின்னியே."

"நான் என்ன அண்ணே பண்றது? கம்பெனி முடிவு. உள்ளூர் ஆளு ஏறுற மாதிரி படம் இல்லாட்டி என் வேலை போயிடும்."

ராணி, வாசலில் யாரோ கழுத்தில் போட்டிருந்த பூமாலையைக் கழற்றிக் கார்த்திகாவின் மேஜையில் வைத்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். ஐயாவு பின்னால் போனார்.

மறுநாளே அவர் மறுபடி வீடு வீடாகக் கிளம்பினார். இந்தத் தடவை நடந்ததைச் சொல்வதற்கு. பத்தொன்பது நாள் ஆனது. பலர் பரவாயில்லை என்றார்கள். ஷாதிபூரில் கடை வைத்திருக்கும் நஜிமுதீன் மட்டும் எழுந்து நின்றார்.

"ஐயாவு பாய், நான் அந்தக் கம்பெனிய நம்பிக் கையெழுத்து போடல. உங்க முகத்துக்குத்தான் போட்டேன்."

அந்த வார்த்தை, சிவஞானம் செய்ததைவிட அதிகமாகக் குத்தியது. தானும் அறுநூறு வீட்டுக்குச் சிவஞானம் ஆகிவிட்டோமோ என்று வீட்டில் வந்து அழுதார். கையெழுத்துகளைத் திருப்பிக் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். பதிலில்லை.

இரண்டு மாதம் கழித்து சிவஞானம் வீட்டு வாசலில் நின்றார். "மதினி, பேசி ஒரு ரூம் வாங்கிட்டேன். அடுத்த கப்பல்ல நீங்க ரெண்டு பேரும் ஏறலாம்."

"மத்தவங்க?"

"அது... மெல்ல மெல்ல."

"எங்களுக்கும் வேணாம் தம்பி. இனி இங்க வராதீங்க."

ஐயாவு உள்ளே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே வரவில்லை.

கப்பல் இப்போது மாதம் ஒருமுறை வருகிறது. அந்த நாட்களில் அவர் போர்ட் பிளேர் பக்கம் போவதில்லை.