நூற்றிருபது சென்டிமீட்டர்

சங்கராபுரத்தில் என் மச்சான் வீட்டில், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வாசலின் இடது நிலைச்சட்டத்தில் பத்து பென்சில் கோடுகள் இருக்கின்றன. மச்சானின் பேத்தி ஒவ்வொரு பொங்கலன்றும் அங்கே முதுகைச் சாய்த்து நின்ற உயரங்கள் அவை. கீழிருந்து ஒன்பது கோடுகளை நான் போட்டேன். நான் நில அளவைத் துறையில் வேலை செய்கிறவன். சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, மூன்று மீட்டர் டேப் இல்லாத நாள் கிடையாது. ஒவ்வொரு கோடும் சட்டத்துக்கு நேர் செங்குத்தாக, இரண்டு அங்குல நீளத்தில், பக்கத்தில் சென்டிமீட்டர் எண்ணோடும் அவள் பள்ளி சேர்ந்தபின் வகுப்போடும் இருக்கும். ஏழாவது கோட்டுக்குப் பக்கத்தில் 118 என்றும் மூன்றாம் வகுப்பு என்றும் எழுதியிருக்கிறேன். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். 

மச்சான் என் மனைவியின் அண்ணன். நெல்லும் கரும்பும் போட்ட நிலம், ஒரு அரிசி ஆலை, ஊரில் பெரிய பேச்சு. அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்காமல், சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் மூன்று நாள் குடும்பத்தோடு போய்வரலாம் என்று முடிவு செய்தார். பதினொரு பேர் போனோம். எல்லாருக்கும் அவர் செலவு, எனக்கும் சேர்த்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்கு இது காரணமல்ல. ஆனால் அப்போது காரணம் போல இருந்தது.

கப்பலில் நான் எழுதிய நாட்குறிப்பு பதினாறு பக்கம். அதில் கடலைப் பற்றி நான்கு வரிதான் இருக்கிறது. மிச்சமெல்லாம் மனிதர்கள். எங்கள் குடும்பம் மட்டுமல்ல, ஏறியவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள், ஆனால் நான் பக்கத்திலிருந்து பார்த்தது எங்களைத்தான். காலை ஆறு மணிக்கே நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த சாய்வு நாற்காலிகளில் துண்டைப் போட்டுப் பிடித்துவிட்டு, பத்து மணி வரை அறையில் தூங்குவார்கள். உட்கார இடமில்லாமல் வயதானவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு தாங்காத அளவுக்குக் கோழி வறுவலைக் குவித்து, ஒரு கடி கடித்துவிட்டு, அதன் மேலேயே ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவார்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்று மூன்று மொழியில் எழுதியிருந்த பலகைக்குக் கீழே முறுக்கு டப்பா திறந்தது. மச்சானின் மூத்த மருமகன் புளியோதரை சாப்பிட்ட கையைக் குளத்துத் தண்ணீரில் முக்கிக் கழுவினார். மஞ்சளாக ஒரு எண்ணெய்ப் படலம் குழந்தைகள் பக்கம் மெதுவாக நகர்ந்து போனதை நான் பார்த்தேன். 

அந்தக் குளத்தின் காவலர்தான் நான் சொன்ன விசில் மனிதர். நாற்பது வயது இருக்கும். வெள்ளை அரைச்சட்டை, நீலக் கால்சட்டை, கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில். குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு நீர்ச்சறுக்கு இருந்தது. அதன் படிக்கட்டு முன்னால் மீன் வடிவத்தில் வெட்டிய ஒரு பலகை. மீனின் துடுப்புக்கு நேராகக் கோடு போட்டு 120 என்று எழுதியிருந்தது. தலை அந்தக் கோட்டைத் தொடாத குழந்தைக்குச் சறுக்கு கிடையாது. நாள் முழுக்க அவர் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார். யாரையும் அதட்டி நான் கேட்கவில்லை. குழந்தை குட்டையாக இருந்தால் மண்டியிட்டு, அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, ஏதோ சொல்லித் திருப்பி அனுப்புவார்.

முதல் நாள் மாலை அவரே என்னிடம் வந்தார். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார்.

"சாருக்கு கள்ளக்குறிச்சி பக்கங்களா?"

சங்கராபுரம் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க சர்வேயர் சார் தான? நான் வெள்ளிமலைங்க. எங்க அப்பா நெலத்த நீங்கதான் அளந்தீங்க. நான் அப்ப காலேஜ் முடிச்சிட்டு வூட்ல இருந்தேன்."

எனக்கும் நினைவு வந்தது. மலையில் சாமை விளையும் ஒரு சரிவு. கீழிருந்து வந்து பக்கத்து நிலத்தை வாங்கியவர் எல்லைக்கல்லைத் தன் வசதிக்கு உள்ளே நடச்சொன்னார். நான் மறுபடி அளந்தேன்.

"சங்கிலிய மூணு வாட்டி போட்டீங்க சார். அந்தாளு கோழி அடிச்சி சோறாக்கி வெச்சிருந்தான், நீங்க கைய நனைக்காத போயிட்டீங்க. எங்கப்பா இன்னும் சொல்லிக்கினு இருக்கும். ஒரு விரக்கடை கூட நவுத்தலன்னு."

கப்பல் வேலைக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆகிறதாம். அந்தப் பயணத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒரு புகாரும் இல்லாமல் கரை சேர்ந்தால் மறுபடி எடுத்துக்கொள்வார்கள், புகார் வந்தால் அதோடு சரி என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இன்னும் ரெண்டு நாளு. கடவுள் புண்ணியத்துல ஓட்டிருவேன் சார்." அன்றிரவு நாட்குறிப்பில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். நல்ல மனிதர் என்று ஒரு வரி சேர்த்தேன். என் பெருமையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை இப்போது படித்தால் தெரிகிறது.

மறுநாள் பிற்பகல் மச்சானின் பேத்தி மீன் பலகை முன்னால் நின்றாள். இரண்டாம் வகுப்பு முடித்த கோடை அது. வயதுக்குச் சற்றுக் குட்டை. தலை கோட்டுக்கு மூன்று விரல் கீழே இருந்தது. காவலர் மண்டியிட்டு, "அடுத்த வருசம் வாம்மா, நானே ஏத்தி உடறேன்" என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அழவில்லை. இதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

அழவைத்தது மச்சான்தான். அவளைக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிப் போய், கெட்டி அடி வைத்த செருப்பை மாட்டி நிறுத்தினார். செருப்பைக் கழற்றச் சொன்னார் காவலர். கொண்டையைத் தூக்கிக் கட்டி நிறுத்தினார்கள். முடி கணக்கில்லை என்றார் காவலர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"மலைலேர்ந்து எறங்கி வந்தவன் நமக்கு சட்டம் சொல்றான் பாரு. டிக்கெட்டு வாங்கனவன் யாரு, இவனா? தளமே சாஞ்சிக்கினு இருக்குது, இவன் பலகைய நட்டு வெச்சிக்கினு அளக்கறான்."

அரை மணி நேரத்தில் பயணிகள் உதவி மேசை முன்னால் எங்கள் குடும்பம் மொத்தமும் கூடிவிட்டது. புகாரில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. காவலர் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாராம். சொன்னவர் புளியோதரைக் கை கழுவிய மருமகன், அவர் அப்போது அந்த இடத்திலேயே இல்லை. மேசையில் இருந்த அதிகாரி வேறு மாநிலத்தவர். சத்தம் ஓய்ந்தால் போதும் என்ற முகம். குழந்தை உண்மையிலேயே உயரம் குறைவா, பலகை தவறா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

காவலர் என்னைப் பார்த்தார். மச்சானும் பார்த்தார். முதலில் வாய் திறந்தவர் காவலர்தான்.

"இந்த சாரு கவர்மெண்டு சர்வேயருங்க. இவரே அளந்து சொல்லட்டும். அவரு சொன்னா நான் ஒத்துக்கறேன்."

அதிகாரிக்கும் நிம்மதி. நான் டேப்பை எடுத்தபோது மச்சான் என் காதருகே வந்தார். "நாலஞ்சி செண்டி தான மாப்ள. ஊர்ல ஏக்கர் கணக்குல நவுத்தறானுங்க."

டேப்பில் ஏமாற்றும் வழிகள் எனக்குத் தெரியும். நுனியை மடித்துக் குதிகாலுக்கு அடியில் வைக்கலாம், நடுவில் தொய்வு விடலாம். முப்பது வருடமாக மற்றவர்கள் செய்து நான் பிடித்தவை. எதுவும் தேவைப்படவில்லை. நேராகத்தான் அளந்தேன். நூற்றுப் பதினைந்து. யாரும் குனிந்து பார்க்கவில்லை. அதிகாரி படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் கையைப் பின்னால் கட்டி நேராக நின்றார். பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

"நூற்றிருபது" என்றேன்.

எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். பதவியையும் கீழே எழுதினேன், வழக்கம்போல. காவலர் என் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார். அதற்குள் அது சுருண்டு உள்ளே போயிருந்தது. "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான். அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, அவர் விசில் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி, சுற்றி, மேசை மேல் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றும் விழுங்க முடியவில்லை. பதினொரு பேரும் ஊர்வலம் போலச் சறுக்குக்குப் போனோம். குழந்தையைப் படிக்கட்டில் ஏற்றினார்கள். மச்சான் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். அவள் உச்சிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "நான் வரல தாத்தா, எனுக்கு பயமா கீது" என்று கத்தினாள். கொஞ்ச நேரம் கொஞ்சிப் பார்த்தார்கள், அப்புறம் திட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள் அப்பா ஏறித் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த மூன்று நாளில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் சறுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் மச்சான் எழுந்து வந்து என் தட்டில் ஒரு கோழித்துண்டை வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன். நாட்குறிப்பில் அன்றைய கடைசி வரி இது: மாலை 4.40. குழந்தையின் உயரம் 115. நான் சொன்னது 120.

சென்னையில் இறங்கியபோது பணியாளர் படிக்கட்டு வழியே அவர் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கூப்பிடும் தூரம்தான். கூப்பிடவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நிலைச்சட்டத்தில் ஏழாவது கோட்டைப் போட்டேன். எட்டு மாதம் வளர்ந்தும் அவள் நூற்றுப் பதினெட்டுதான் இருந்தாள். எண்ணைத் தெளிவாக எழுதினேன். யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்தேனா, கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேனா, தெரியாது. யாரும் கவனிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பட்டா வேலையாக வெள்ளிமலைக்குப் போனேன். திரும்பும் பேருந்து வரவில்லை, கள்ளக்குறிச்சிக்குப் போகிற ஜீப் ஒன்று நின்றது. மலை ஜீப்பில் ஆட்கள் பின்கம்பியில் தொங்குவதுதான் வழக்கம். இந்த ஜீப்பில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் அந்தக் கப்பல் காவலர். கொஞ்சம் நரைத்திருந்தார்.

"சீட்டு நெறஞ்சிருச்சி சார். அடுத்த வண்டில வாங்க" என்றார்.

"பெரிய மனுசன், பின்னால நிக்கட்டும் உடுய்யா. ஊர்ல ஒலகத்துல இல்லாத ரூல்ஸு உங்கிட்ட" என்றாள் உள்ளே கூடையோடு இருந்த ஒரு பெண்.

"நிக்க வெச்சி ஏத்தறது இல்லக்கா. யாரா இருந்தாலும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. வண்டி போய்விட்டது. அடுத்தது வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. நான் நின்ற இடத்திலிருந்து அவர் அப்பாவின் சரிவு தெரியும். அங்கே நான் நட்ட கல் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

இந்தப் பொங்கலுக்கு பேத்தி ஆறாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. நான் டேப்பை எடுத்து வருவதற்குள் நிலைச்சட்டத்தின் எண்களை விரலால் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, கப்பல்ல என்ன நூத்தி இருவதுன்னு சொன்னீங்க இல்ல? அது மே மாசம். அதுக்கு அடுத்த பொங்கலுக்கு நூத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்கீங்க. நான் எப்டி கம்மியானேன்?"

"கப்பல்ல மூணு நாளு தண்ணில ஊறனல்ல, அதுல ரெண்டு செண்டி ஜாஸ்தியாயிருப்ப" என்றார் மச்சான் நாற்காலியிலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ கம்மியாவலம்மா" என்றேன். "கப்பல்ல நீ நூத்திப் பதினஞ்சுதான். நான் பொய் சொன்னேன்."

 "நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்கு மாப்ள அதெல்லாம்" என்றார் மச்சான்.

பேத்தி அவரைப் பார்க்கவில்லை. "அப்போ அந்த விசில்காரர் சொன்னதுதான் கரெக்டா?"

"ஆமா."

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

 அவள் என் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டு போய்த் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்து, சட்டத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவர் அளக்கத் தெரியாதவர். பென்சிலைத் தலைமேல் சாய்த்துப் பிடித்தார். பத்தாவது கோடு வலது ஓரத்தில் அரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. எனக்கு அது உடனே தெரிந்தது.