பாலம் கேட்கச் சுகாதாரக் குழுவில் உட்கார்ந்தோம்

கேரள எல்லையோரம் குன்னத்துகால் பக்கம் எங்கள் வீடுகளுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். ஆட்டோ அக்கரையிலேயே நின்றுவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், என் தம்பி மனைவிக்கு மாதம் நெருங்க, மழையும் நெருங்கியது. வலி வந்தால் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு அவளை எப்படிக் கொண்டுபோவது என்று எனக்கு ஒரே கவலை.

அந்த ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கிராமசபை. வந்தவர்களைத் தலைப்புவாரியாகப் பிரித்து, வகுப்பறைக்கு ஒரு குழுவாக உட்கார வைத்தார்கள். நான் நேரே சாலைக் குழுவுக்குப் போனேன். அங்கே நிற்க இடமில்லை. ஆளாளுக்கு அவரவர் வீட்டு வழிதான் பெரிது. ஓடைக்குப் பாலம் வேண்டும் என்று நானும் விடவில்லை. "எங்களை யாரும் கண்டுகொள்வதில்லை" என்று மலையாளத்தில் தொடங்கி, கோபம் ஏறியதும் தமிழில் முடித்தேன். ஒரு பலனும் இல்லை. ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் என் குரலுக்கு மேல் குரல் கொடுத்து, தன் ரோட்டை முதலில் எழுத வைத்துவிட்டார்.

எரிச்சலோடு வெளியே வந்தபோது எதிர் வகுப்பு கண்ணில் பட்டது. அதுதான் சுகாதாரக் குழு. ஒரு நர்ஸும், கொட்டாவி விட்டுக்கொண்டு சில பெரியவர்களும். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எங்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதுதானே! அதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது? கூட வந்திருந்த தம்பி மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். பாலம் அங்கே ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பதிவானது.

கடைசியில் எல்லாக் குழுவும் ஒன்றாகக் கூடியபோது ரப்பர்காரர் துள்ளி எழுந்தார்.

"பாலத்துக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்மந்தம்?"

தம்பி மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, எனக்கு வலி வந்தா ஆட்டோ அக்கரையிலதான் நிக்கும். நான் எப்பிடி போவேன்? நீங்களே சொல்லுங்க."

ரப்பர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். அப்புறம் கைகள் உயர்ந்தன. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தீர்மானம் பாஸானது சரி, பஞ்சாயத்தின் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பாலத்துக்கு முன்னால் வலி வந்துவிட்டது. கொட்டும் மழையில் அவளை மர நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தோளில் தூக்கி ஓடையைக் கடந்தார்கள். அதில் ஒருவர், யாரும் கூப்பிடாமலே ஓடிவந்த ரப்பர்காரர். அன்றைக்கே சுகப்பிரசவம், பெண் குழந்தை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைப் பார்க்க வந்தவர், இடுப்பைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்:

"மக்கா, எனக்க ரோடு அங்க கெடக்கட்டு. மொதல்ல பாலம் ஆக்கும். மெம்பரப் பாக்க நானும் வாறேன். இனியொரு பிள்ளத்தாச்சியச் சுமக்க எனக்க நடுவுக்குச் சக்தி இல்ல, கேட்டியா."