சின்னு சாப்பிடாத பத்தொன்பது நாட்கள்

சோமனூருக்கு வந்த மூன்றாம் நாள் சின்னு சாப்பிடுவதை நிறுத்தியது. பெட்டிக்குள் இரையாக விட்ட சில்வண்டுகள் அதன் முதுகிலேயே ஏறி நடந்தன. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

சின்னு ஒரு தாடி ஓணான். பயந்தால் கழுத்துத் தோல் தாடிபோலக் கறுத்து உப்பும் என்பதால் அந்த இனத்துக்கு அப்படிப் பெயர். நான்கு மாதக் குட்டி, வாலோடு சேர்த்து ஒரு சாண். கோவையில் வாடகை அறையில் இருந்தபோது என் மகள் யாழினி வளர்த்தது. வேலை கிடைத்துச் சென்னை விடுதிக்குப் போனவள் அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். எங்கள் பக்கம் ஓணானை ஒடக்கான் என்பார்கள், கண்டால் கல்லைத் தேடுவார்கள். நானோ அதற்கு விளக்குப் போட்டுக் காவல் இருந்தேன்.

ஒரு வாரத்தில் அறுபது கிராம் ஐம்பத்திரண்டு ஆனது. இது செத்துப்போனால் யாழினியிடம் எப்படிச் சொல்வது என்ற பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

கோவையில் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எக்ஸ்ரே எடுத்தார். இம்பாக்‌ஷன் (குடலில் மண் அடைத்துக்கொள்வது) இல்லை, எலும்பும் நன்றாக இருக்கிறது என்றார். யுவிபி விளக்கு (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தரும் குழல் விளக்கு) சரியான உயரத்தில் இருக்கிறதா என்று விசாரித்தார். கடைசியாக ஒன்று கேட்டார்.

“ஊட்டுல சத்தம், அதிர்வு ஏதாச்சும் இருக்குதுங்களாம்மா?”

“இல்லீங்க டாக்டர். அமைதியான ஊடுங்க.”

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இடம் மாறிய மிரட்சியாக இருக்கும் என்று சொல்லி, ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டக் கற்றுக்கொடுத்தார். புகட்டினேன். பாதி வெளியே வழிந்தது. மீதி நேரமெல்லாம் அது வடக்குச் சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு, மூடிய கண்ணோடு அசையாமல் கிடந்தது. நான் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சற்று நேரத்தில் சுவர்ப் பக்கமே திரும்பிவிடும். அந்த அறைக்குள் தனியாகப் போக எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. என் கணவரும் வாசற்படியிலேயே நின்று பார்ப்பார்.

“அது என்னத்தையோ கேட்டுட்டே இருக்குது அம்மணி” என்றார் ஒருநாள்.

பத்தொன்பதாம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தினார்கள். விளக்கு அணைந்துவிட்டதால் பெட்டியைத் தூக்கிப்போய் வாசல் வெயிலில் வைத்தேன். எனக்குத் தலை சுற்றியது, காதை அடைத்தது. சின்னு கண்ணைத் திறந்தது. நான்கு காலிலும் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. பிறகு நான்கு சில்வண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றது. வெயில்தான் மருந்து போலிருக்கிறது என்று எண்ணி நான் அழுதேவிட்டேன்.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது. வெயில் அப்படியேதான் இருந்தது. சின்னுவின் தாடி கறுத்தது, கண்கள் மூடிக்கொண்டன, தலை மெல்ல வடக்கே திரும்பியது.

வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தறிக்குடோன். பன்னிரண்டு விசைத்தறிகள். ஞாயிற்றுக்கிழமை எங்களுடையது நின்றாலும் பக்கத்து வீட்டாருடையது ஓடும். கல்யாணமாகி வந்த இருபத்துநான்கு வருடங்களில் அந்தச் சத்தத்தைக் கேட்பதை என் காது எப்போதோ விட்டிருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. நானும் கூடவே நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மருத்துவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். உடனே இடத்தை மாற்றுங்கள் என்றார். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் வீடு எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். வெளியூர் ஆள் ஒருவரை உள்ளே நிற்கவைத்துக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. வெள்ளகோவிலுக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இரண்டாம் நாளே சாப்பிட்டது. யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். “உங்களுக்கு ஒண்ணும் பண்ணலீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போது சின்னு நூற்றைம்பது கிராம். தங்கை கையை நீட்டினால் தோள்வரை ஏறுகிறது. என் கையில் கால் வைத்ததும் இறங்கி ஓடிவிடுகிறது. முதல் தடவை எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு என் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறுதோறும் போகிறேன். போனதும் யாரிடமும் பேசாமல் வேப்பமரத்தடியில் கையை மடியில் போட்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்குள் ஓடுவது நிற்க இரண்டு மணி நேரம் ஆகிறது, சில வாரம் மூன்று. அதற்குப் பிறகுதான் சின்னு என் கைக்கு வரும். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது.